கோயா மலைக் கோயில்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்களை யாத்திரிகராகவே நடத்துங்கள்

கோயா மலையில் விருந்தினரைத் தங்கவைக்கும் கோயில்களின் தலைமைத் துறவியருக்கு,

வணக்கம்.

உங்கள் மலையில் இரவு தங்கித் திரும்பிய தமிழ்ப் பெண் ஒருத்தி இதை எழுதுகிறேன். வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோயிலுக்குத் தங்க வருகிறவர்களை யாத்திரிகராகவே நடத்துங்கள். எங்கள் வசதிக்காக உங்கள் நேர ஒழுங்கைத் தளர்த்த வேண்டாம். அதிகாலை வழிபாட்டுக்கு 'விருப்பமிருந்தால் வாருங்கள்' என்று அழைக்கவும் வேண்டாம். 'வந்துவிடுங்கள்' என்றே சொல்லுங்கள். அதோடு, அந்த மண்டபத்தில் எங்கள் கண்முன் நடப்பது என்ன என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதுவது, அடுத்து அங்கே வரத் திட்டமிடும் எங்கள் மக்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர்களுக்காக நீங்கள் அறிந்ததையே சில வரிகளில் சொல்லிக்கொள்கிறேன். ஜப்பானின் வாகயாமா மாநிலத்தில், கீ தீபகற்பத்தின் மலைகளுக்கு நடுவே, ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் சிகரங்கள் சூழ்ந்த ஒரு சமவெளி இருக்கிறது. 816ஆம் ஆண்டில் சாகா பேரரசர் அந்த இடத்தைக் கூகாய் என்ற துறவிக்கு வழங்கினார். கோபோ தாய்ஷி என்று ஜப்பானியர் வணங்குவது அவரைத்தான். அவர் நிறுவிய ஷிங்கோன் பௌத்தத்துக்கு இன்றும் அதுவே தலைமையிடம். மலைமேல் 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பது அளவிலானவை வெளியாரைத் தங்கவைக்கின்றன. இப்படித் தங்கவைக்கும் கோயிலுக்கு ஷுகுபோ என்று பெயர். ஒசாகாவின் நம்பா நிலையத்தில் ரயில் ஏறி, மலையடியில் கோகுராகுபாஷியில் இறங்கி, செங்குத்துச் சரிவில் கேபிள் காரில் ஏறி, மேலே பஸ் பிடித்தால் கோயில் வாசலில் இறங்கலாம். 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இந்த மலை இருக்கிறது.

துறவியரே, உங்கள் விருந்தோம்பலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலை வெளிச்சம் இருக்கும்போதே உணவு வந்துவிட்டது. தாதாமி பாய் விரித்த அறையில், அரக்குப் பூசிய தாழ்வான பலகைகளில் சிறுசிறு கிண்ணங்கள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயமும் பூண்டும் இல்லை. ஜப்பானில் சைவம் என்று நம்பிக் குடிக்கும் சூப்பில்கூட மீன்சாறு கலந்திருக்கும். அப்படியொரு நாட்டில் கடற்பாசியும் காளானும் மட்டுமே ஊறிய சாற்றை அச்சமின்றிக் குடிப்பது சைவ உணவுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமா? எள்ளை அரைத்துக் கிழங்குமாவோடு கிளறி உறையவைத்த எள் தோஃபுவின் வழவழப்பு இன்னும் நாவில் இருக்கிறது. குளிரில் உறையவைத்துக் காயவைத்த, உங்கள் மலையின் பெயரையே தாங்கிய கோயா தோஃபு, சாற்றை உறிஞ்சிப் பஞ்சுபோல் வந்தது. உண்டு முடிப்பதற்குள் இளந்துறவிகள் வந்து பாத்திரங்களை எடுத்துச் சென்று தரைமெத்தையை விரித்துவிட்டார்கள். அவர்களில் பலர் மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கோயிலில் பணிசெய்கிறவர்கள் என்று பிறகு அறிந்தேன். குளியலுக்கு ஒரு நேரம், வாயில் சாத்த ஒரு நேரம், எழுந்திருக்க ஒரு நேரம். சுவர்களுக்குப் பதில் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுகள். அடுத்த அறையில் யாராவது இருமினால் இங்கே கேட்கும். அறையில் ஒரு சிறு ஹீட்டர் இருந்தது. தாழ்வாரத்தில் அதுவும் இல்லை. குளிர் எலும்பைத் தொட்டது. இவற்றில் எதையும் மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. இப்படியே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

என்னை எழுதத் தூண்டியது மறுநாள் காலை. நான் தங்கிய கோயிலின் பெயர் இங்கே தேவையில்லை. மற்றக் கோயில்களில் தங்கியவர்களிடம் பேசிப் பார்த்ததில், இது ஒரு கோயிலின் குறை மட்டும் அல்ல என்று தோன்றுகிறது. அறையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள் இருந்தது. வைஃபை கடவுச்சொல், குளியல் நேரம், காலை உணவு நேரம், அறையைக் காலிசெய்யும் நேரம் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். வழிபாட்டுக்கு ஒரே ஒரு வரி: காலை 6.30, விரும்புவோர் வரலாம். அவ்வளவுதான்.

விரும்பியவர்கள் வந்தார்கள். பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். மண்டபம் இருட்டாக இருந்தது. பொன்முலாம் பூசிய விளக்குகளின் ஒளியில் பீடத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது. துறவிகள் ஓதத் தொடங்கினார்கள். ஒருவர் குரல் ஓயும் இடத்தில் மற்றவர் குரல் எழ, நடுவே இடைவெளியே இல்லாமல் அந்த ஓதல் நீண்டது. எனக்கு முன்னால் இருந்தவர் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். சிலர் கால் வலிக்கிறது என்று நடுவில் எழுந்து போனார்கள். ஒரு கட்டத்தில் எங்களை ஒவ்வொருவராக முன்னே வரச் சொல்லிச் சைகை காட்டினார்கள். வாசனைப்பொடியை ஒரு சிட்டிகை எடுத்துத் தணலில் இட வேண்டும் என்று முன்னால் போனவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். யாருக்காக இடுகிறோம், எதை நினைத்து இட வேண்டும் என்று எவருக்கும் தெரியவில்லை. வழிபாடு முடிந்தது. காலை உணவு. பிறகு எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

படம் எடுத்தவர்மீது எனக்குக் கோபம் வந்தது; இப்போது இல்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் விளங்காத இடத்தில் அமர்ந்திருப்பவர் கைக்கு ஏதாவது வேலை தேடத்தான் செய்வார். 2018இல் உங்கள் மலையின் ஒரு கோயிலில், உணவு பிடிக்கவில்லை, அறை குளிர்கிறது என்று குறைசொன்ன விருந்தினர்களுக்குத் துறவி ஒருவர் கடுஞ்சொல்லால் பதில் எழுதியது உலகச் செய்தியானது. அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. கோயிலுக்கு வந்துவிட்டு விடுதியைத் தேடுகிறவர்களோடு நாள்தோறும் போராடுவது எளிதல்ல. ஆனால் அந்தப் பதில்களில் இருந்த செய்தியை, வந்து இறங்கிய மாலையிலேயே கனிவாகச் சொல்லியிருந்தால் குறைகளில் பாதி எழுந்தே இராது.

என்ன சொல்லலாம் என்று கேட்பீர்கள். சொல்ல உங்களிடம் எவ்வளவு இருக்கிறது! எனக்கு மிக நெருக்கமானவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை நீங்கள் ஓதியது ரிஷு சூத்திரம். ஷிங்கோன் கோயில்களில் நாள்தோறும் ஓதப்படும் நூல். அதைச் சீன மொழியில் ஆக்கியவர் எட்டாம் நூற்றாண்டின் அமோகவஜ்ரர். அவருடைய ஆசிரியர் வஜ்ரபோதி. இந்த வஜ்ரபோதி தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே போனவர். பல்லவர் ஆண்ட காஞ்சியில் வறட்சி வந்தபோது அவர் மழைக்காகப் பூசை செய்ததாகச் சீன வாழ்க்கைக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அங்கிருந்து இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியாகச் சீனா சேர்ந்தார். அமோகவஜ்ரரின் மாணவர் ஹுய்குவோ. 805இல் சாங்கான் நகரில் அந்த ஹுய்குவோவின் காலடியில் அமர்ந்து பயின்றவர்தான் உங்கள் கூகாய். அதாவது காஞ்சியில் மழைக்கு வேண்டியவரின் மாணவர் மொழிபெயர்த்த சூத்திரத்தைக் கேட்டபடி நான் அந்தக் குளிரில் அமர்ந்திருக்கிறேன்; எனக்கே அது தெரியாது. உங்கள் மரபின் எட்டு ஆசான்களின் ஓவியங்களை வழிபாட்டு மண்டபங்களில் மாட்டுவது வழக்கம். அவற்றில் வஜ்ரபோதியும் இருப்பார். ஊருக்குத் திரும்பிப் படித்த பிறகே இது எனக்குத் தெரிந்தது. 'இவர் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்' என்று ஒருவர் விரல்நீட்டிக் காட்டியிருந்தால், அந்த மண்டபத்தை விட்டு எழுந்திருக்கவே எனக்கு மனம் வந்திருக்காது.

சில கோயில்களில் காலை வழிபாட்டை ஒட்டித் தீவேள்வியும் நடக்கிறது. குண்டத்தில் சமித்துக்களை அடுக்கி, நெய்க்குப் பதில் எண்ணெய் வார்த்து, மந்திரம் சொல்லித் துறவி தீயை வளர்க்கிறார். எங்களவர் எவரும் அதை ஹோமம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அது எப்படி இந்தியாவிலிருந்து சீனம் போய், அங்கிருந்து இந்த மலை ஏறியது என்பதை அந்த வெப்பம் முகத்தில் படும்போதே கேட்பதற்கும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு!

அடுத்தது, நான் ஒரு பெண் என்பதால் என்னால் தாண்டிப் போக முடியாதது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைமேல் பெண்கள் கால்வைக்கத் தடை இருந்தது. கூகாயின் தாயே மகனின் மலையைக் காண ஷிகோகு தீவிலிருந்து வந்து, மேலே ஏற முடியாமல், அடிவாரத்தில் இப்போது ஜிசோன்-இன் என்ற கோயில் இருக்கும் இடத்தில் தங்கிவிட்டார் என்பது மரபு. அவரைப் பார்க்க மகன் மாதத்துக்கு ஒன்பது முறை இருபது கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கி வந்தாராம். பேறுகாலம் நலமாக அமையவும் தாய்ப்பால் சுரக்கவும் வேண்டிப் பெண்கள் இன்றும் அங்கே வருகிறார்கள். மலையின் ஏழு நுழைவாயில்களிலும் பெண்களுக்கென்று ஒவ்வொரு மண்டபம் இருந்தது. அதற்கு அப்பால் போக முடியாதவர்கள் அங்கே தங்கி வேண்டிக்கொண்டு, மலை விளிம்பைச் சுற்றியே நடந்து, மரங்களின் இடைவெளியில் உள்ளே தெரிந்ததைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். 1872இல் அரசாணை தடையை நீக்கியது. மலை அதை உள்ளபடி ஏற்றுக்கொள்ள இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அந்த ஏழு மண்டபங்களில் எஞ்சியிருப்பது ஒன்றே. கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பஸ் அதன் வாசலைத் தாண்டித்தான் வருகிறது. அந்த இடத்தில் பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாரும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தோம். யாரும் தலையைத் திருப்பவில்லை.

இதை மறைத்துவைக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மண்டபத்தின் வாசலில் பலகை இருக்கிறது. ஆனால் உங்கள் கோயிலில் பெண் ஒருத்தி பாயில் படுத்துறங்குவது எவ்வளவு அண்மைக் காலத்து உரிமை என்பதை அவளுக்கு அந்த இரவிலேயே சொல்ல வேண்டாமா? தடை போட்டவர்களின் வழிவந்தவர்களே அதைச் சொன்னால் அதற்கு ஒரு நேர்மை உண்டு. எனக்கு அது வருத்தத்தைத் தந்திருக்காது. நிமிர்ந்து உட்கார வைத்திருக்கும்.

கடைசியாக, கூகாய் உறையும் ஒகுனோயின் என்ற தலம். கூகாய் இறக்கவில்லை, 835 முதல் அங்கே தியானத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது உங்கள் நம்பிக்கை. நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் அவருக்கு உணவு எடுத்துச் செல்கிறீர்கள். முதற்பாலத்திலிருந்து அவர் இருக்கும் இடம்வரை இரண்டு கிலோமீட்டர் நீளப் பாதை. இருபுறமும் வானளாவிய தேவதாரு மரங்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கல்லறைகளும் நினைவுக்கற்களும். போர்க்களத்தில் பரம எதிரிகளாக இருந்த தாகேதா ஷிங்கெனும் உஎசுகி கென்ஷினும் அங்கே அருகருகே நினைவு பெற்றிருக்கிறார்கள். கரையானை ஒழிக்கும் தொழில் செய்கிறவர்களின் சங்கம், தாங்கள் கொன்ற கரையான்களுக்கு ஒரு நினைவுக்கல் நாட்டியிருக்கிறது. பாதையின் முடிவில், விளக்கு மண்டபத்தில், தன் கூந்தலை விற்று ஏழைப்பெண் ஒருத்தி ஏற்றியதாகச் சொல்லப்படும் ஒற்றை விளக்கு எரிகிறது.

இதில் எனக்கு ஒரு நடைமுறைக் குறை உண்டு. 6 மணி உணவுப் படைப்பு நடக்கும் வேளையில் நாங்கள் உங்கள் கோயில் மண்டபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம், அது முறைதான். ஆனால் 10.30 படைப்பைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அறையைக் காலிசெய்யும் நேரம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது; பெட்டியோடு வெளியேறியவர்கள் நேரே கேபிள் காருக்குப் போகிறார்கள். 'பெட்டியை எங்களிடம் விட்டுச் செல்லுங்கள், 10.30க்கு ஒகுனோயினில் நில்லுங்கள். கடைசிப் பாலத்தைத் தாண்டினால் தொப்பியைக் கழற்றுங்கள், படம் எடுக்காதீர்கள்' என்று வாயிலில் ஒரு சொல் சொன்னால் போதும். உணவு வைத்த மரப்பெட்டியைச் சுமந்துவரும் துறவிகளைக் கண்ட பிறகு, முந்தைய இரவு தாங்கள் தங்கியது விடுதி என்று எவரும் எண்ணமாட்டார்கள்.

கட்டணம் பற்றியும் ஒரு சொல். ஓர் இரவுக்குத் தலைக்கு 10,000 யென்னைத் தாண்டுவது இன்று சாதாரணம். தனிக் குளியலறை, தோட்டம் பார்த்த அறை என்று போனால் அதைப்போல் பல மடங்கு. பழைய மரக் கட்டடங்களைப் பேணவும் கூரை வேயவும் பணம் வேண்டும் என்பதை அறிவேன். வசதி உள்ளவர்களிடம் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து பழைய யாத்திரைப் பாதையில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் நட்ட கல்தூண்களை ஒவ்வொன்றாகக் கடந்து நடந்தே ஏறி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஷிகோகுவின் 88 கோயில்களைச் சுற்றி முடித்துவிட்டு, அதைத் தாய்ஷியிடம் சொல்லிக்கொள்ள வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒவ்வொரு கோயிலும் ஓர் அறையையாவது குறைந்த கட்டணத்தில் ஒதுக்கிவைக்க முடியாதா? ஷுகுபோ தோன்றியது அவர்களுக்காகத்தானே. அப்படி நடந்து வந்த ஒருவர் காலை வழிபாட்டில் பக்கத்தில் அமர்ந்திருந்தால், படம் எடுப்பவரின் கை தானாகவே இறங்கும். எந்த அறிவிப்பையும்விட அது வலியது.

இவற்றுக்கெல்லாம் ஆட்கள் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இளந்துறவிகள் ஏற்கெனவே பாத்திரம் சுமக்கிறார்கள், மெத்தை விரிக்கிறார்கள், விடியுமுன் மண்டபத்தைத் துடைக்கிறார்கள். அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. மெத்தையை நாங்களே விரித்துக்கொள்கிறோம். யாத்திரிகர்கள் எங்கும் அப்படித்தான் செய்வார்கள். மிச்சப்படும் அந்த நேரத்தில் அவர்களில் ஒருவர் உணவுக்குப் பின் பத்து நிமிடம் எங்களோடு அமரட்டும். மறுநாள் காலை என்ன ஓதுவார்கள், எப்போது முன்னே வர வேண்டும், வாசனைப்பொடியை எப்படி இடுவது, யாரை நினைத்துக்கொள்ளலாம் என்று சொல்லட்டும். கைபேசியை அறையிலேயே விட்டுவரச் சொல்லட்டும். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, எங்களில் பலருக்கும் அப்படித்தான். படிக்கும் வயதில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும், தட்டு ஏந்துவதைவிடத் தம் மரபைத் தம் வாயால் சொல்வது நல்ல பயிற்சியாகத்தானே இருக்கும்?

ஏற்கெனவே இப்படி நடத்தும் கோயில்கள் உங்களில் சில இருக்கின்றன என்று அறிவேன். முந்தைய மாலையே தியானம் கற்றுத் தருகிறவர்கள், இரவில் ஒகுனோயினுக்கு அழைத்துச் சென்று கதை சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் நன்றி. மற்றக் கோயில்கள் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாலே போதுமானது.

வழிபாட்டைக் கட்டாயமாக்கினால் ஆட்கள் குறைவார்கள் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். சிலர் குறையட்டும். உடல்நலம் இல்லாதவர்களுக்கும் குழந்தையோடு வருகிறவர்களுக்கும் விலக்கு கொடுங்கள். மற்றபடி, முன்பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்: இங்கே காலையில் வழிபாடு உண்டு, தங்குகிறவர்கள் அதில் பங்குகொள்வார்கள், இரவில் வாயில் சாத்தப்படும், உணவு இதுதான். இதைப் படித்துவிட்டு வேறு விடுதி தேடிப் போகிறவர் உங்களுக்கும் நல்லது செய்கிறார், தமக்கும் நல்லது செய்துகொள்கிறார். படித்துவிட்டும் வருகிறவர்களை வைத்து நீங்கள் நடத்தப்போகும் காலை வேறுவிதமாக இருக்கும்.

அங்கே போகவிருக்கும் நம்மவர்களுக்கும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். மாலை 5 மணிக்குள் கோயிலை அடைந்துவிடுங்கள். உங்களுக்காக அடுப்படி காத்திருக்கக் கூடாது. வெயிற்காலம் தவிர எப்போது போனாலும் கம்பளியுடை எடுத்துச் செல்லுங்கள். பால், முட்டை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் காலை உணவையும் சேர்த்து முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். வழிபாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் அமருங்கள்.

துறவியரே, அறையில் வைக்கும் அந்த ஆங்கிலத் தாளின் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. சூத்திரத்தின் பெயர், அதை ஆக்கியவர், எட்டு ஆசான்கள், பெண்கள் மண்டபம், 10.30 படைப்பு ஆகியவற்றை எழுத அந்த ஒரு பக்கம் போதும். நீங்கள் எழுதித் தந்தால் தமிழில் பெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். வஜ்ரபோதி பற்றிய வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பணிவுடன்,
உங்கள் மலையில் தங்கிய தமிழ் யாத்திரிகை